பகா எண்ணும் மெய்ப்பொருளும்

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய முழு எண்ணே பகா எண்ணாகும். 2இன் 31ஆம் அடுக்கிலிருந்தும் 67ஆம் அடுக்கிலிருந்தும் 1ஐக் கழிக்கக் கிடைப்பவை பகா எண்களே எனப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் உரைத்தார்.

முன்னது 2,14,74,83,647 ஆகும். அதன் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே கடக்கும். அதற்குட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தலே போதும். எனினும் அவை 4,792 ஆகும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் இச்சுமையைக் குறைத்தார். இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் உளதாயின், அது 248ஆல் வகுக்குங்கால் 1 அல்லது 63 மீதி தரவேண்டும் எனக் கண்டார். அத்தகையன 84 மட்டுமே. அவற்றுள் ஒன்றும் வகுக்காமையின், அது பகா எண்ணே என 1772இல் தெளிவித்தார்.

பின்னது அவ்வாறன்று. காரணி ஒன்றையும் காணாமலே, அது பகு எண் என லூகாஸ் 1876இல் நிறுவினார். 19,37,07,721 அதனை மீதியின்றி வகுத்தலை அமெரிக்கப் பேராசிரியர் கோல் 1903இல் காட்டினார்.

ஒருவர் உரைத்த இரு கூற்றுகளுள் ஒன்று நிலைத்தது, மற்றது வீழ்ந்தது. சொன்னவரை நோக்காது சொற்பொருளை ஆராயச் சொன்ன வள்ளுவர் நெறி இதுவே. சுவடியும் கல்வெட்டும் ஆயும் தமிழ் மாணவர்க்கும் இந்நெறியே துணையாகும்.