நான் தூங்கியதைப் பார்த்துவிட்டேன்!

"அக்கா, கொஞ்சம் குறட்டை விடுங்க."

இரவு பத்தரை மணி. முகமெல்லாம் வயரோடு, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருத்தியிடம் தலைமாட்டு ஸ்பீக்கர் இப்படிக் கேட்கிறது. விட்டேன். "சூப்பர். இப்ப கண்ணை மட்டும் இடது பக்கம்... வலது பக்கம்... அஞ்சு தடவை சிமிட்டுங்க... பல்லைக் கடிங்க. சரிக்கா, குட்நைட்." விளக்கு அணைந்தது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது, காலையில் காட்டினார்கள்!

இடம், சென்னையில் ஒரு தூக்கப் பரிசோதனைக்கூடம். என் குறட்டை பற்றி வீட்டில் நெடுநாளாக ஒரு வழக்கு நடக்கிறது. கணவர் வாதி, நான் பிரதிவாதி. தீர்ப்பு வேண்டுமானால் ஒரு ராத்திரி இங்கே படுத்து எழுந்து வாருங்கள் என்றார் டாக்டர். நான் போனது வேறு ஆசையில். 48 வயது. மூன்று மணிக்கு டாணென்று விழிப்பு, காரணமே இல்லாத எரிச்சல். யாரிடம் சொன்னாலும் "எல்லாம் ஹார்மோன்" என்று ஒரே பதில். அந்த ஹார்மோனை ஒருமுறையாவது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா?

தயார் செய்யவே முக்கால் மணி நேரம். ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பதுபோல டெக்னீஷியன் பெண் என் மண்டையை டேப்பால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்தாள். சொரசொரவென்று ஒரு ஜெல்லைத் தேய்த்து, பசை அப்பி, பொம்மைக் கிண்ணம்போல் ஒவ்வொரு மின்முனையாக ஒட்டினாள். கண்ணோரம், தாடை, முழங்காலுக்குக் கீழே என்று எதையும் விடவில்லை. நெஞ்சுக்கொரு பெல்ட், வயிற்றுக்கொரு பெல்ட், மூக்கில் குழாய், விரல் நுனியில் சிவப்பு விளக்கு. கண்ணாடியில் பார்த்தால், மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் எங்கள் தெரு ஜங்ஷன் பாக்ஸ்!

ஒரு பொட்டுத் தூங்கவில்லை என்று சத்தியம் செய்யத் தயாராகக் காலையில் எழுந்தேன். "அஞ்சே கால் மணி நேரம் தூங்கியிருக்கீங்கக்கா" என்றாள். வாக்குவாதம் முற்றவே, பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்த் திரையைத் திருப்பிக் காட்டினாள். குறட்டைத் தீர்ப்பை மட்டும் டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம்.

30 விநாடிக்கு ஒரு பக்கம். எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கம். அத்தனையையும் ஒருவர் கண்ணால் பார்த்து, இது இன்ன வகைத் தூக்கம் என்று குறிக்க வேண்டும். என் வாழ்க்கையில் 960 பக்கம் எழுதும் அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது, அதுவும் நான் இல்லாத நேரத்தில்!

முதலில் நெருக்கமான கிறுக்கல். அப்புறம் அங்கங்கே நூல் கதிர்போல நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கிய சின்னச் சின்ன முடிச்சுகள். பிறகு மலைத்தொடர் மாதிரி பெரிய, நிதானமான அலைகள். "இதுதான் ஆழ்ந்த தூக்கம். கும்பகர்ண டைம்." வளர்ச்சி ஹார்மோனின் பெரிய தவணை கொட்டுவது இந்த நேரத்தில்தான். வளர்ந்து முடித்த எனக்கு அது எதற்கு? தசைக்கும் எலும்புக்கும் மராமத்து வேலைக்கு. "எங்கே அது?" என்று திரையருகே மூக்கைக் கொண்டுபோனேன்.

"அது இதுல தெரியாதுக்கா. ரத்தம் எடுத்தாத்தான்."

சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் ரத்தம் எடுத்தே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 இளைஞர்களை இரண்டு நாள் நான்கு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, அதைப் பத்து மணி நேரம் படுக்கவிட்ட நாட்களோடு ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டார்கள். 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைவு. 'கொண்டா' என்னும் கிரெலின் 28 சதவீதம் அதிகம். அதிலும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல்தான் ஆசை கூடியதாம். தூக்கம் கெட்ட மறுநாள் என் கை முறுக்கு டப்பாவுக்குப் போவதை இனி யாரும் குறை சொல்லக் கூடாது.

அடுத்து கனவுப் பக்கங்கள். தாடைக் கோடு சவம்போல் கிடக்க, கண் கோடுகள் மட்டும் எகிறிக் குதிக்கின்றன. இதை முதலில் கண்டதும் சிகாகோதான். அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் தன் எட்டு வயது மகனுக்கே வயர் ஒட்டிப் பார்த்தார். ஆசிரியர் கிளைட்மேனோடு சேர்ந்து 1953இல் அறிவித்தார். அந்தப் பையனும் குறட்டை விட்டுக் காட்டியிருப்பானோ?

3.12. இதயத் துடிப்பு 62இலிருந்து 88. "இங்க என்னாச்சுக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. ஈபி பில் கட்டவில்லை! அன்றுதான் கடைசி நாள்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு ஈபி தெரியாது, பில் தெரியாது. பதற்றம் என்று மட்டும் மேலேயிருந்து தகவல் வரும். நரம்பு வழியாக வந்தால் நொடியில் அட்ரினலின். மூளையடியிலிருந்து ரத்தத்தில் ஆள் வந்து சொன்னால் சில நிமிடம் கழித்து கார்டிசால். ஈரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும், செரிமானம் அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திவைக்கப்படும். பதற்றம் மாதக்கணக்கில் நீடித்தால் மாதவிலக்குத் தேதியே தள்ளிப்போகலாம். பரீட்சை நேரத்துப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அடுத்த சில பக்கங்களில் எல்லாக் கோடுகளும் தெப்பம்போல மெல்ல மேலும் கீழும் மிதந்தன. மெஷின் கோளாறா?

"வேர்வைக்கா. மின்முனைக்கு அடியில உப்பு ஊறினா இப்படித்தான் ஓடும். உங்க வயசுக்காரங்க நிறைய பேருக்கு வரும். அதான் நாலு மணிக்கு ஏசியைக் கூட்டிவெச்சேன்."

பிடித்துவிட்டேன்! ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய மூளையின் வெப்பக் காவல்காரனுக்குப் பொறுமை போய்விடுகிறது. உடம்புச் சூடு துளி ஏறினாலும் தோலைச் சிவக்கவைத்து, வேர்க்கவைத்துவிடுகிறான். திரையில் தெரியாது என்றாளே, என் ஹார்மோன் திரையைத் தாண்டி ஏசி ரிமோட் வரைக்கும் போய் வந்திருக்கிறது!

கடைசிப் பக்கங்களில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே அப்போதுதான் கல்யாண மண்டபத்து சமையற்கட்டு. முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள் எழுந்திருப்பதற்கு முன்பே அடுப்பு பற்றவைப்பதுபோல, நாம் விழிக்க இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதே கார்டிசால் ஏறத் தொடங்கிவிடுகிறது. எழுந்து அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் உச்சம். காபி குடித்ததால்தான் சுறுசுறுப்பு வந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாவம், சமையல்காரருக்குப் பெயரில்லை.

ஆறரை மணிக்கு வயர்களைக் கழற்றினாள். தலையெல்லாம் பசை, பிசுபிசுவென்று சடை பிடித்துவிட்டது. வாசலுக்கு வந்தால் அவளும் வீட்டுக்குக் கிளம்பி, இன்னும் வெயில் ஏறாத அந்த நேரத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுக்கிறாள். ஸ்டைலா என்று கேட்டேன்.

"வெளிச்சம் கண்ணுல பட்டா மூளை விடிஞ்சிடுச்சுன்னு முடிவு பண்ணிடும்க்கா. அப்புறம் மெலடோனினாவது ஒண்ணாவது. கண்ணாடி, கறுப்புத் திரை, எல்லாம் வெச்சுப் பார்த்தாச்சு." வண்டியைக் கிளப்பியபடி சொன்னாள்: "ஆனா மாடி வீட்டு மிக்சிக்கு மட்டும் இன்னும் வழி தெரியலை."