மங்கும் மருந்தும்

1930களின் இறுதியில், அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலை. அங்கே வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ரப்பர் கையுறை பட்ட இடமெல்லாம் நிறம் போய்விட்டது. ரப்பர் சீக்கிரம் கெடாமலிருக்கக் கலந்திருந்த ஒரு வேதிப்பொருள்தான் காரணம். அதன் நெருங்கிய உறவான ஹைட்ரோகுயினோன்தான் பிற்பாடு மங்குக்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டுக்கு, தரும் முக்கிய மருந்தானது.

தோலுக்கு நிறம் தரும் மெலனினை மெலனோசைட் செல்கள் உண்டாக்குகின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினேஸ் என்ற நொதி மாற்றத் தொடங்குவதுதான் முதல் படி. ஹைட்ரோகுயினோன் டைரோசின்போல வேடமிட்டு அந்த நொதியை ஏமாற்றுகிறது. மங்குக்குப் பூசும் இன்னொரு பொருளான கோஜிக் அமிலம் நொதிக்குள் இருக்கும் தாமிரத்தைப் பற்றிக்கொள்கிறது. மூன்றாவதான நியாசினமைடு நொதியைத் தொடுவதில்லை. உருவான மெலனின் பக்கத்துச் செல்களுக்குப் போவதைத்தான் குறைக்கிறது.

நொதியை ஏமாற்றுவதில் ஆபத்தும் உண்டு. ஜப்பானின் கானெபோ நிறுவனம் ரோடோடெனால் என்ற நிறம் குறைக்கும் பொருள் கலந்த க்ரீம்களை 2013 ஜூலையில் திரும்பப் பெற்றது. அவற்றைப் பூசிய 19,000 பேருக்கும் மேல் முகத்திலும் கழுத்திலும் வெள்ளைத் திட்டுகள். டைரோசினேஸே அந்தப் பொருளை நஞ்சாக மாற்ற, மெலனோசைட்டுகள் செத்துப்போயின. அரசு அனுமதி பெற்று விற்ற பொருள் அது!

ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் பூசினால் நேர்மாறாக நடக்கலாம்: கன்னத்தில் நீலங்கலந்த கருமை படியும். லேசில் போகாது. தென்னாப்பிரிக்காவில் இப்படிப் பலர் பாதிக்கப்பட்ட பிறகு, அழகுசாதனங்களில் அதற்குத் தடை வந்தது.

நம் ஊரில் பெரிய கவலை ஸ்டீராய்டு. மருந்துக்கடையில் "முகம் பளிச்சுனு ஆகணும்" என்றால் கைக்கு வரும் ட்யூபில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் இருக்கக்கூடும். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் பூச வேண்டியதைப் பலர் தினசரி முகப்பூச்சாக்கிவிடுகிறார்கள். முதலில் முகம் தெளியும். பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் சிவப்பாகத் தெரியும், பரு கிளம்பும், பெண்களுக்கு மீசைமுடி அரும்பும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசுவார்கள். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் திடீரென்று நிறுத்தாமல், தோல் மருத்துவர் சொல்படி விடுவதே நல்லது. 2018இல் இந்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகளை மருந்துச்சீட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் சீட்டு இல்லாமல் கிடைக்கத்தான் செய்கின்றன.

என்ன கலந்திருக்கிறது என்றே அச்சிடாத க்ரீமைத் தொடவே கூடாது. அதில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எந்த மருந்தானாலும் வெயில் பட்டால் மங்கு திரும்பும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதைக் கிளறும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமேற்றிய சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.