நெசவுத் தெருவில் கோழிகள்

நெசவாளர் குடியிருப்புகளில் கோழி வளர்ப்பைத் தடுத்துவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். ஏழையின் முட்டைக் காசில் கைவைக்கலாகாது என்பார் மற்றொரு சாரார். தடை நமக்கு உடன்பாடன்று. கட்டுப்பாடு வேண்டும் என்பதே நம் கருத்து.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கொல்லை மற்றவர் தறிக்கூடத்தின் சன்னலடியாக அமைந்த நெருக்கம். அதிகாலையில் பட்டுப் பாவைத் தெருவிலே நீட்டி, கஞ்சி தெளித்து, இழை பிரித்துக் காயவிடுவது நெசவாளர் வழக்கம். கோழிகள் கூட்டைவிட்டு இறங்கும் வேளையும் அதுவே. நகம் பட்டு இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். எச்சக் கறை எளிதில் நீங்குவதில்லை. கறை பட்ட சேலை சங்கத்துக்கு வரும்பொழுது தரம் குறைகிறது; கூலியும் குறைகிறது. கோழி ஒருவருடையது, நஷ்டம் மற்றொருவருடையது! வழக்கு பிறப்பது இங்கேதான். சேவல் கூவுவதனால் அன்று.

நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டைகளே இடும். எனினும் வீட்டுக் கழிவையும் புழுபூச்சியையும் உண்டு வளர்வதால் தீவனச் செலவு மிகக் குறைவு. அக்காசு பெரும்பாலும் பெண்டிர் கையில் தங்கி, பாவின்றித் தறி நிற்கும் நாட்களில் உப்புக்கும் புளிக்கும் உதவுகிறது. இதனைப் பறித்துவிட்டுச் சிக்கனம் பற்றி நாம் பேசுவது அழகாகுமா?

நோயோ கொல்லைச் சுவரை மதிப்பதில்லை. வெள்ளைக்கழிச்சல் ஒரு வீட்டில் புகுந்தால் தெருவிலுள்ள கோழிகள் பலவும் மடியும். எட்டு வாரம் கடந்த கோழிக்கு இடும் தடுப்பூசி இதற்கு நல்ல காப்பு. ஆயினும் நான்கு வீட்டார் இட்டு ஐந்தாம் வீட்டார் இடாவிடின் பயன் குன்றும். பறவைக் காய்ச்சல் இன்னும் கொடிது, மனிதரையும் தொற்றவல்லது. 2006இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் அது தோன்றியது. 2008இல் மேற்கு வங்கத்தில் பரவியபொழுது கொல்லைக் கோழிகளும் பெருந்தொகையில் அழிக்கப்பட்டன. தொற்றுநோய் கண்டால் வளர்ப்பவர் அறிவித்தே ஆகவேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். செத்த கோழியைச் சாக்கடையில் எறிந்து வாளாவிருப்போர் இதனை அறிதல் நலம்.

காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. ஆயினும் தெருவுக்கொரு காவலரை நிறுத்த எந்த நகராட்சியாலும் இயலாது. தெருவாரே கூடி முடிவு செய்தல் வேண்டும். நாம் வற்புறுத்துவது முதலாவதாக ஒன்றே: பாவு சுருட்டும் வரை கூடு திறக்கலாகாது. வீட்டுக்கு மூன்று நான்கு பெட்டைகள் போதும். சேவலின்றியும் பெட்டை முட்டையிடும் என்பதைப் பலர் நம்புவதில்லை. அம்முட்டை பொரியாதே தவிர, உண்ண உகந்தது, வெயிலில் சற்று நாள் தாங்கவும் செய்யும். குஞ்சு வேண்டுவோர் ஊர்ப்புறத்து உழவர் அங்கத்தினரிடம் வாங்கிக்கொள்ளலாம். தடுப்பூசியைத் தெரு முழுவதற்கும் ஒரே நாளில் இடுமாறு கால்நடை மருந்தகத்தாரைச் சங்கச் செயலாளரே அழைக்கலாம்.

கறைபட்ட பாவின் நஷ்டத்தைக் கோழிக்குரியவர் ஏற்பதா என்பதே எஞ்சும் சிக்கல். விடிவதற்குள் கூட்டைத் திறந்துவிட்டவர் ஏற்கத்தான் வேண்டும். அதனை முன்கூட்டியே தெருக் கூட்டத்தில் பேசி எழுதி வைத்துக்கொள்ளுமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.