வேகம் ஒன்றுதான், வண்டி வேறு

1990-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 500இ வெளிவந்தபோது அதற்கு நேர் போட்டியாக நின்றது பிஎம்டபிள்யூ எம்5. ஜெர்மனியின் இந்த இரண்டு நான்கு கதவுக் கார்களையும் எண்களை வைத்து மட்டும் எடைபோட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. பென்ஸுக்கு 326 குதிரைத்திறன்; 1988-இல் வந்த எம்5-க்கு 315. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட இரண்டுக்கும் ஏறத்தாழ ஆறு விநாடி. 250-க்கு மேல் போகவிடாமல் இரண்டையும் மின்னணுக் கட்டுப்பாடு தடுத்துவிடும். ஆனாலும் ஒன்றை ஓட்டிப் பழகியவருக்கு மற்றது வேறு வண்டியாகத்தான் தெரியும். அந்தத் திறன் எந்தச் சுற்றில் வருகிறது, யார் சொல்லி வருகிறது என்பதே அதற்குக் காரணம்.

பென்ஸின் ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,900 சுற்றிலேயே 480 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முழுதாகக் கொடுத்துவிடும். கியரை ஆட்டோமேட்டிக் பார்த்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவரைக் கேட்காமலே மின்னணு அமைப்பு பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்கும். எம்5-இன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 360 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,750 சுற்றில். முழுத் திறனுக்கு முள் 6,900 வரை ஏற வேண்டும். அதனால் கியர் போடும் கை சும்மா இருக்க முடியாது. அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை அளந்துவிடும் தனி த்ராட்டில் இருப்பதால், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தினாலும் எஞ்சினுக்கு உடனே தெரிந்துவிடும். ஹேண்ட்லிங் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

500இ போர்ஷே கை பட்ட வண்டியாயிற்றே, ஸ்போர்ட்ஸ் குணத்தில் அதுதானே மேல் என்று கேட்பவர்கள் உண்டு. போர்ஷேயின் பங்கு உண்மை. சக்கரங்களுக்கு மேல் உடல் புடைத்திருந்ததால் வழக்கமான அசெம்பிளி வரிசையில் அந்தக் கார் நுழையவில்லை. மெர்சிடிஸின் சிண்டல்ஃபிங்கன் ஆலைக்கும் போர்ஷேயின் சுஃபன்ஹாவுசன் ஆலைக்கும் இடையே மாறி மாறிப் போய் வந்துதான் ஒவ்வொரு காரும் முழுமையானது. ஆனால் எஞ்சின் மெர்சிடிஸின் 500எஸ்எல் காரிலிருந்து வந்தது. வேகத்திலும் அலுங்காமல் போக வேண்டும் என்ற குறிக்கோளும் மெர்சிடிஸுடையது. ஸ்டியரிங்கைக் காரணம் காட்டவும் வழியில்லை. இரண்டிலும் ரேக் அண்ட் பினியன் கிடையாது, பழைய ‘ரீசர்குலேட்டிங் பால்’ வகைப் பெட்டிதான். பிறகு எம்5-க்கு 340 குதிரைத்திறன் கொண்ட 3.8 லிட்டர் எஞ்சின் வந்ததே என்றால், அப்போதும் முறுக்குவிசை 400-ஐத்தான் எட்டியது. குணம் மாறவில்லை.

நான்கு பேர் ஏறி ஆட்டோபானில் நாள் முழுக்க அலுப்பில்லாமல் போக 500இ-க்கு இணை அந்தக் காலத்தில் அரிது. வளைவுகள் நிறைந்த சாலையில் ஓட்டும் சுகம்தான் அளவுகோல் என்றால், என் ஓட்டு எம்5-க்கே.