சாமியாரின் கணுக்கால்



மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவே விரிந்து கிடக்கிறது பேராதனைத் தாவரவியல் பூங்கா. 1821-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 147 ஏக்கர். எங்கள் பங்கிலிருந்து இலங்கைக்குத் திருப்பயணம் சென்றவர்களிடம், "நடந்தே பார்ப்போம், யோசேப்பு வாஸ் நடந்த மண் அல்லவா!" என்று உற்சாகமாகச் சொன்னவன் நான்தான்.

அரை மணி நேரம் கழிந்திருக்காது. மர வேர் ஒன்றின்மேல் வைத்த பாதம் உட்புறமாகப் புரண்டது. விழவில்லை, ஆனால் கணுக்காலில் தீப்பட்டது போன்ற வலி. அதை எவரிடமும் சொல்லாமல் முக்கால் மணி நேரம் நடந்தேன். பொறுமை என்று அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டேன். உண்மையில் அது வெட்கம். அழைத்து வந்தவனே சுமையாகிவிடுவதா?

கண்டுகொண்டவர், பூங்கா வாயிலில் நின்ற முச்சக்கர வண்டி ஓட்டுநர். மலையகத் தோட்டத்தில் பிறந்த தமிழர். "ஐயா, காலை ஊன்றாதீங்க. என் தோளைப் பிடிங்க" என்றார். எங்கள் பங்கு இளைஞன் ஒருவனும் அவருமாக என்னை ஏறத்தாழத் தூக்கியே வண்டியில் அமர்த்தினார்கள்.

மருத்துவர் கணுக்காலின் இருபுற எலும்பு விளிம்புகளையும் அழுத்திப் பார்த்தார். நான்கு அடி நடக்கச் சொன்னார். இயலவில்லை. எலும்பு விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டுமாம். எலும்பு முறியவில்லை, ஜவ்வுதான் சிறிது கிழிந்திருந்தது. மறைத்து நடந்ததால் வீக்கம் மிகுந்துவிட்டது என்று கடிந்துகொண்டார்.

வெளிநாட்டில் உங்களுக்கும் இது நேரலாம் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுக்க முன்வரும் அன்பர்களைக் கும்பிட்டு விலக்குங்கள். முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை காலை இழுக்கவோ உருவவோ கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிடம் வைத்து, காலை நெஞ்சுக்கு மேலான உயரத்தில் நீட்டி வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் வலி குறைவு என்று ஏமாந்துவிட வேண்டாம். மரத்துப்போன பாதம் முறிவையும் உணர்த்தாது. இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும்; இந்தியாவின் உதவியுடன் 2016-இல் தொடங்கிய சேவை அது. விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரம் முன்னதாகவே தெரிவித்துவிட்டால் சக்கர நாற்காலி தருவார்கள், பொதுவாகக் கட்டணமில்லை. மாவுக்கட்டு புதிதாகப் போட்டிருந்தால், பறக்கும்போது கால் வீங்கும் என்பதால், பல நிறுவனங்கள் கட்டை நெடுக வெட்டி நெகிழ்த்திய பிறகே ஏற்றுகின்றன. பயணத்துக்குப் பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ தாமதிக்காதீர்கள், இரத்தக்கட்டியாக இருக்கலாம்.

விடுதியில் காலை நீட்டிப் படுத்திருந்தபோது என் பேச்சே என்னை உறுத்தியது. வாஸ் அடிகளார் நடந்ததை நினைத்தேன். 1687-இல் இலங்கைக்கு வந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பால் நலிந்து கிடந்ததையும், யாசகர் கோலத்தில் பிறர் இட்டதை உண்டதையும் மறந்துவிட்டேன். அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்க 1995 சனவரியில் கொழும்பு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், முந்தைய ஆண்டு தொடை எலும்பு முறிந்து, கைத்தடியோடுதான் வந்தார். வரும் வழியில் மணிலாவில் இளைஞர்முன் அத்தடியைச் சுழற்றியும் காட்டினார்! 2015 சனவரி 14 அன்று அதே கொழும்பில் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், முழங்கால் வலியால் 2022 மே முதல் சக்கர நாற்காலியை நாடினார். அவ்வாண்டு சூலையில் கனடாவுக்கும் அதிலேயே சென்றார்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் நாற்காலியைத் தள்ளிய இளைஞருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. கால் தாங்கியை உயர்த்தி, தன் கையாலேயே என் பாதத்தைப் பதமாக எடுத்து வைத்தார். "ஸ்துதி" என்றேன்; நன்றிக்கான அந்த ஒரு சொல்லைத்தான் கற்றிருந்தேன்.

அப்போது எங்கள் குழுவின் மூத்த தாய் ஒருவர் அருகில் வந்து குனிந்தார். "சாமி, எனக்கும் ஒரு நாற்காலி கேட்கலாமா? முட்டி வலி. வந்த நாளிலிருந்தே இருக்கு" என்றார்.

நடந்தே பார்ப்போம் என்று நான் சொன்னபோது முதலில் தலையசைத்தவர் அவர்தான்.