ராசி பார்த்த கோச்! வாய் திறந்தால் வம்பு! காரைக்கால் ரசிகர்களிடம் தீராத வழக்கு

காரைக்கால்:

இத்தாலிக்கும் பிரான்சுக்கும் கால்பந்து மாட்ச் என்றால் ரோமாபுரியிலும் பாரீசிலும் மட்டுமா சூடு பறக்கும்? அரசலாற்றங்கரையிலும் பறக்கும்!

காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1739-ல் பிரெஞ்சுக்காரன் கையில் வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1-ந் தேதி கொடி இறங்கியது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி கை மாறியது. ஆனாலும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து பென்ஷன் வாங்கிய "சொல்தா" வீடுகள் உண்டு. மகன் பாரீசில், மருமகள் அங்கே வேலையில், பேரப்பிள்ளை லீவுக்கு மட்டும் வருகிற வீடுகள் உண்டு. அந்த வீட்டுத் திண்ணைகளில் இத்தனை வருஷம் கழித்தும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவர், பிரான்சின் பழைய கோச் ரேமோன் தொமெனெக்.

மனுஷன் செய்தது தமாஷா? கோமாளித்தனமா? அல்லது எதிரியை மிரட்டும் தந்திரமா? கோர்ட்டு கலைந்தபாடில்லை.

நாடக மேடை ஆசாமி

தொமெனெக் 2004 முதல் 2010 வரை பிரான்ஸ் அணிக்கு கோச். அதற்கு முன்பு 11 வருஷம் 21 வயதுக்கு உட்பட்டோர் அணியைப் பார்த்துக்கொண்டவர். ஆடிய காலத்தில் லியோன், ஸ்ட்ராஸ்பூர், பாரீஸ், போர்தோ அணிகளில் முரட்டுத் தடுப்பாட்டக்காரர், பெரிய மீசைக்காரர். நாடகத்தில் நடிக்கிற ஆசையும் உண்டு. பத்திரிகைக்காரர் கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. ஒரு கண் சிமிட்டல், ஒரு குத்தல், ஒரு சிரிப்பு. இவருக்கு அது பொழுதுபோக்கு. கேட்டவருக்கு வயிற்றெரிச்சல்.

2006 ஜூலை 9-ந் தேதி பெர்லின் நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம்மூரில் அப்போது இரவு மணி 11.30. ஜிதான் பெனால்டியில் ஒரு கோல் போட்டார். மத்தெராசி தலையால் முட்டி ஒரு கோல் திருப்பினார். கூடுதல் நேரத்தில் அதே மத்தெராசியின் நெஞ்சில் ஜிதான் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை! கடைசியில் பெனால்டி அடிப்பதில் த்ரெசெகே அடித்த பந்து கம்பத்தில் பட்டது. 5-3 என்று இத்தாலிக்குக் கோப்பை. விடியற்காலையில் காரைக்காலில் எத்தனை வீட்டில் டி.வி.யை ஆத்திரத்தோடு அணைத்தார்களோ தெரியாது.

அன்றைக்கே தொமெனெக் வாயைத் திறந்துவிட்டார். ஆட்ட நாயகன் பரிசு பிர்லோவுக்கு அல்ல, மத்தெராசிக்குத்தான் தர வேண்டும் என்று குத்தினார். கோல் போட்டதும் அவர், ஜிதானை வெளியேற்றியதும் அவர் என்பது கணக்கு. அங்கே விழுந்தது பொறி.

ரெப்ரியை வாங்கினார்களாம்!

விதி பாருங்கள், ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இரண்டு அணியும் ஒரே பிரிவில் விழுந்தன. 2006 செப்டம்பரில் பாரீசில் பிரான்ஸ் 3-1 என்று பழி தீர்த்தது. கொவு இரண்டு, ஆன்ரி ஒன்று. திருப்பி ஆட வேண்டிய ஆட்டம் மிலான் நகரில். தேதி 2007 செப்டம்பர் 8.

ஆட்டத்துக்குச் சில வாரம் முன்பு தொமெனெக் ஒரு பேட்டி கொடுத்தார். அதில் பழைய கணக்கைக் கிளறினார். 1999-ல் இவருடைய 21 வயதுக்கு உட்பட்டோர் அணி இத்தாலியிடம் தோற்று ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. அந்த மாட்சில் ரெப்ரியை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று பொருள்படப் பேசினார்!

இத்தாலி கொதித்தது. ஐரோப்பிய கால்பந்து சங்கம் விசாரித்து அபராதம் போட்டது. ஒரு மாட்சுக்குத் தடையும் விதித்தது. எந்த மாட்சுக்காக வாயை விட்டாரோ அந்த மாட்சிலேயே பெஞ்சில் உட்கார முடியவில்லை. மேலே காலரியில் உட்கார்ந்து பார்த்தார்.

முடிவு? 0-0. டிரா!

இந்த டிராதான் இத்தனை வருஷச் சண்டைக்கு மூலதனம்.

ஒரு கட்சி இப்படிப் பேசும். "ஏம்ப்பா, உலக சாம்பியனை அவன் ஊர்லயே கோல் போட விடாம நிறுத்தினாரா இல்லையா? இத்தாலிப் பத்திரிகை பூரா இவரையே திட்டிக்கிட்டு இருந்துச்சு. பசங்க நிம்மதியா பிராக்டிஸ் பண்ணாங்க. கல்லடி எல்லாத்தையும் தன் மேல வாங்கிக்கிறதுதானே பெரிய மனுஷன் வேலை?"

எதிர்க்கட்சி விடுமா? "போங்கண்ணே! நாலே நாள் கழிச்சு என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க!"

நாலு நாள் கழித்து, செப்டம்பர் 12-ந் தேதி, பாரீசில் சொந்த மைதானத்தில் ஸ்காட்லாந்திடம் 1-0 என்று பிரான்ஸ் தோற்றது. அதற்கு முந்தின வருஷமும் இதே ஸ்காட்லாந்திடம் 1-0 தோல்விதான். இத்தாலிக்காரனோடு வாய்ச்சண்டை போட்ட கோச்சுக்கு ஸ்காட்லாந்துக்காரனைக் கவனிக்க நேரமில்லை என்பது எதிர்க்கட்சியின் வாதம். வாதம் கொஞ்சம் கோணல்தான், ஆனால் சபையில் எடுபடுகிறது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். மத்தெராசி குத்தல் தமாஷ். ரசிக்கலாம். ரெப்ரியை வாங்கினார்கள் என்பது தமாஷ் அல்ல. கையில் ரசீது இல்லாமல் அப்படிப் பேசினால் கடைத்தெருவில்கூடச் சட்டையைப் பிடிப்பார்கள்.

கல்கத்தாவில் ஆம்லெட்!

வாயை விட்டு அவதிப்பட்டவர் வெளிநாட்டில்தான் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே ஒரு பெருங்கதை உண்டு.

1997 ஜூலை 13-ந் தேதி கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். பெடரேஷன் கோப்பை அரை இறுதி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. அங்கே அது மாமியார் - மருமகள் சண்டை மாதிரி, வீட்டுக்கு வீடு உண்டு. கூட்டம் ஒரு லட்சத்து 31 ஆயிரத்துக்கு மேல்! அடேயப்பா, காரைக்கால் நகரமே எழுந்து போய் உட்கார்ந்தாலும் அந்த ஸ்டேடியம் நிரம்பாது.

மோகன் பகான் கோச் அமல் தத்தா. "டயமண்ட் சிஸ்டம்" என்று வைரக்கல் வடிவத்தில் ஆட்களை நிறுத்தி ஆட வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தார். தெம்பு தலைக்கேறியது. ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார். பாய்சுங் பூட்டியா "சுங் சுங்" ஆனார். கென்யா நாட்டு ஒமோலோ "ஆம்லெட்" ஆனார். சோசோவை "சசா" என்றார். வங்காளியில் சசா என்றால் வெள்ளரிக்காய்! கல்கத்தா முழுக்கச் சிரித்தது. ஈஸ்ட் பெங்கால் பையன்கள் மட்டும் சிரிக்கவில்லை.

எதிர் முகாமில் கோச் பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடியவர். பேசியே ஆட்களை உசுப்பிவிடுவதில் மன்னர். அவருடைய பேச்சுக்கு "வோக்கல் டானிக்" என்றே பெயர். இந்தத் தடவை டானிக்கை எதிர்க்கடைக்காரரே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

4-1! ஈஸ்ட் பெங்கால் வெற்றி. "சுங் சுங்" மட்டும் மூன்று கோல்!

ஆனால் நம் திண்ணையில் முதல் கட்சி இதற்கும் பதில் வைத்திருக்கிறது. ஒரு லட்சத்து 31 ஆயிரம் பேரை அந்த ஸ்டேடியத்துக்கு இழுத்தது யார்? அமல் தத்தாவின் வாய்தானே! 2016-ல் அவர் காலமானபோதும், 2020-ல் பி.கே. காலமானபோதும் எல்லாரும் பேசியது அந்த ஒரு மாட்சைத்தான். அந்தக் கோப்பையைக் கடைசியில் ஜெயித்தது கோவாவின் சால்கோகர் அணி. அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

நியாயமான கேள்வி.

திருநள்ளாறு பக்கத்தில் ஜாதகம் பேசலாமா?

தொமெனெக் கதைக்கு வருவோம். ரெப்ரி விவகாரத்தைவிட இங்கே அதிகம் பேசப்படுவது ராசி விவகாரம். பேசாமல் என்ன செய்வார்கள்? பக்கத்திலேயே திருநள்ளாறு. இரண்டரை வருஷத்துக்கு ஒரு தரம் சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கில் ஜனம் நளன் குளத்தில் முழுக்குப் போட வந்து இறங்குகிற பூமி.

தொமெனெக் ஆட்டக்காரர்களின் ராசியையும் பார்ப்பார். இதை அவரே மறைக்கவில்லை. சிம்ம ராசிக்காரனைத் தடுப்பாட்டத்தில் வைத்தால் பயமாக இருக்கும், எப்போதாவது மிதப்புக் காட்டி மாட்டி வைத்துவிடுவான் என்கிற மாதிரி பேசினார். விருச்சிக ராசிக்காரர்கள் என்றால் ஒரு சந்தேகம் என்றும் பேச்சு.

ரொபேர் பிரேஸ் 1998 உலகக் கோப்பை, 2000 ஐரோப்பியக் கோப்பை இரண்டும் ஜெயித்த அணிகளில் இருந்தவர். 79 மாட்ச் ஆடியவர். 2004 அக்டோபருக்குப் பிறகு தொமெனெக் அவரைச் சேர்க்கவே இல்லை. இருவருக்கும் மனஸ்தாபம் என்பது ஒரு காரணம். ஊர் பிடித்துக்கொண்ட காரணம் வேறு. பிரேஸ் பிறந்தது அக்டோபர் 29. மேல்நாட்டுக் கணக்கில் விருச்சிகம். தேள்!

காரைக்கால்காரர் இதை அப்படியே விழுங்குவாரா? பஞ்சாங்கத்தைப் பிரிக்கிறார்.

"தம்பி, அக்டோபர் 29-ன்னா நம்ம கணக்குல ஐப்பசி. சூரியன் துலாத்துல இருப்பான். விருச்சிகம் எங்கே வந்துச்சு? தேளும் இல்ல, பூரானும் இல்ல!"

அதோடு நிற்கவில்லை. துலாம் சனி பகவானுக்கு உச்ச வீடு. தொமெனெக் பிறந்ததோ ஜனவரி 24. நமக்குத் தை மாதம், சூரியன் மகரத்தில். மகரம் சனி பகவானின் சொந்த வீடு. மேல்நாட்டுக் கணக்கில் கும்பம் என்றாலும் தப்பவில்லை, அதுவும் சனி வீடுதான்! "ஆக, சனி வீட்டுக்காரர் சனி உச்சமான ஆளை ஒதுக்கினார், வேற என்னத்துக்கு ஆவும்?" என்று முடிகிறது தீர்ப்பு. நட்சத்திரமும் லக்னமும் தெரியாமல் சூரியனை மட்டும் வைத்துப் பலன் சொல்லக்கூடாது என்று ஒருவர் குறுக்கே விழுவார். அவரை யாரும் கேட்பதில்லை.

சிரிப்பு ஒரு பக்கம். 30 வயதில், நல்ல ஆட்டத்தில் இருக்கும்போது ஒருவருக்கு நாட்டுச் சட்டை போய்விட்டது என்பது இன்னொரு பக்கம். கோச் தமாஷுக்கு ராசி பார்த்தாரோ, நிஜமாகவே பார்த்தாரோ, வெளியே உட்கார்ந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். குமாஸ்தா வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மேலதிகாரியின் விளையாட்டுப் புத்தியால் பிரமோஷன் போனவரைக் கேட்டுப் பாருங்கள்.

தோற்ற ராத்திரியில் கல்யாணப் பேச்சு!

2008 ஜூன் 17. சூரிச் நகரம். மறுபடியும் இத்தாலி! தோற்றவன் மூட்டை கட்ட வேண்டிய ஐரோப்பியக் கோப்பை மாட்ச். பத்தாவது நிமிஷத்துக்குள் ரிபெரிக்குக் காலில் அடி. சிறிது நேரத்தில் அபிதாலுக்குச் சிவப்பு அட்டை, இத்தாலிக்குப் பெனால்டி, பிர்லோ கோல். பிறகு தெ ரோசி அடித்த பந்து ஆன்ரி காலில் பட்டுத் திசை திரும்பி உள்ளே போனது. 2-0. பிரான்ஸ் காலி.

கேமரா முன்னால் தொமெனெக் வந்தார். இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். தனக்கு இருக்கும் ஒரே திட்டம் எஸ்தெல் தெனியைக் கல்யாணம் செய்துகொள்வதுதான் என்றார்! அந்த அம்மாள் டி.வி. நிகழ்ச்சி நடத்துபவர். நாடே துக்கத்தில் இருக்க, நேரடி ஒளிபரப்பில் பெண் கேட்டார் மனுஷன்!

இந்த இடத்தில் காரைக்காலில் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிடும். இழவு வீட்டில் எவனாவது சம்பந்தம் பேசுவானா? முதல் கட்சிக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொள்வார். தன் சொந்த விஷயத்தைச் சொன்னார், அதில் என்ன தப்பு என்று சொல்ல ஓரிரு இளவட்டங்கள் உண்டு. அவர்களுக்கு 2008-ல் பால் குடிக்கிற வயது.

அதற்குப் பிறகும் பிரெஞ்சு சங்கம் அவரை மாற்றவில்லை. 2010-ல் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையில் ஆட்டக்காரர்களே ஸ்டிரைக் செய்தார்கள்! கோச்சைத் திட்டியதாக அனெல்காவை வீட்டுக்கு அனுப்பியதைக் கண்டித்து, ஜூன் 20-ந் தேதி பிராக்டிஸ் செய்யாமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுடைய ஸ்டிரைக் அறிக்கையைப் பத்திரிகைக்காரர்களுக்குப் படித்துக் காட்டியவர் யார் தெரியுமா? தொமெனெக்! எந்தத் தொழிற்சங்கத் தலைவருக்கும் கிடைக்காத முதலாளி! இரண்டு நாள் கழித்து தென்னாப்பிரிக்காவிடம் 2-1 என்று தோற்றார்கள். எதிர் அணி கோச் பரெய்ரா கை நீட்டினார். தொமெனெக் கை கொடுக்கவில்லை. தமாஷ்காரருக்கு அன்று தமாஷ் தீர்ந்துபோயிருந்தது.

2018-ல் பிரான்சுக்கு மறுபடி உலகக் கோப்பை வந்தது. கோச் தெஷாம்ப், வம்பு பேசாத ஆள். எதிர்க்கட்சிக்கு அது பெரிய சாட்சி. ஆனால் தெஷாம்பைப் பற்றி இங்கே திண்ணையில் பத்து நிமிஷம் தொடர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

வழக்கில் பெண்கள் தரப்பிலிருந்து இன்றும் வருகிற கேள்வி ஒன்றே ஒன்று. அந்தக் கல்யாணம் நடந்ததா?

நடக்கவில்லை.