தீப்பிடிக்காத பேட்டரிக்கு ஒரு பீங்கான் வழி

செல்போனிலோ மின்சார ஸ்கூட்டரிலோ லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், அந்தத் தீக்கு முக்கிய எரிபொருள் பேட்டரிக்குள் இருக்கும் திரவம்தான். லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வர வழிவிடும் மின்பகுளி அது. லித்தியம் உப்பைக் கரிமக் கரைப்பான்களில் கரைத்து அதைத் தயாரிக்கிறார்கள். அந்தக் கரைப்பான்களில் பல, எளிதில் பற்றிக்கொள்பவை. உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறினால் முனைகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் சவ்வு உருகும், திரவம் ஆவியாகும், கோபால்ட் கலந்த நேர்முனை ஆக்சிஜனை வெளிவிடும். தீக்கு வேண்டிய எல்லாமே ஒரே உறைக்குள் சேர்ந்துவிடுகின்றன.

கூடுதல் ஆற்றலை விரும்பினால் ஆபத்தும் கூடுகிறது. எதிர்முனையில் இன்று பயன்படும் கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் ஏற்கும். லித்தியம் உலோகம் 3,860 ஏற்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது உலோகம் சீராகப் படியாமல் கூரிய இழைகளாக வளர்ந்து சவ்வைத் துளைக்கிறது. கனடாவின் மோலி எனர்ஜி தயாரித்த லித்தியம் உலோக பேட்டரிகள் ஜப்பானில் செல்போன்களில் தீப்பிடித்ததால், 1989இல் திரும்பப் பெறப்பட்டன. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியில் உலோகத்தின் இடத்தைக் கார்பன் பிடித்தது.

கீல் நகரில் பிறந்த பொருள்

உலோகத்தை மீண்டும் கொண்டுவர, மின்பகுளியையே மாற்ற வேண்டும். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் வெங்கடராமன் தங்கதுரையும் வெர்னர் வெப்னரும், கார்னெட் படிக அமைப்புள்ள ஆக்சைடுகளில் லித்தியம் அயனிகள் நகர்வதை 2003இல் காட்டினர். 2007இல் ராமசாமி முருகனும் இணைந்து மூவரும் வெளியிட்ட ஆய்வு, லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் சேர்ந்த ஒரு கார்னெட் பீங்கானை உலகுக்கு அறிமுகம் செய்தது. அது எரியாது, லித்தியம் உலோகம் பட்டாலும் எளிதில் சிதையாது. பின்னர் முருகன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் தங்கதுரை கனடாவின் கால்கரியிலும் இத்துறை ஆய்வைத் தொடர்ந்தனர்.

ஜப்பானில் ரியோஜி கன்னோ குழு 2011இல் அறிவித்த சல்ஃபைடு மின்பகுளி, திரவத்துக்கு ஈடாகவே அயனிகளைக் கடத்தியது. ஆனால் சல்ஃபைடுகள் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடக்கூடியவை. அயனிகளை மெதுவாகக் கடத்தினாலும் இந்த நச்சுத் தொல்லை கார்னெட்டில் இல்லை.

தொடுமிடமே சோதனை

திரவம் மூலைமுடுக்கெல்லாம் தானே பரவிவிடும். பீங்கானும் உலோகமும் அப்படிப் பொருந்துவதில்லை. மேடுபள்ளமான தரையில் போட்ட பலகைபோல் சில இடங்களில்தான் தொடுகின்றன. அங்கே மின்தடை ஏறுகிறது. தங்கதுரையும் பங்கேற்ற மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வில், பீங்கான்மேல் மிக மெல்லிய அலுமினா பூசியபோது சதுர செ.மீ. அளவில் 1,710 ஓமாக இருந்த தடை 1 ஓமாகச் சரிந்தது. அந்த முடிவு 2017இல் வெளியானது.

ஆனாலும் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், பீங்கானின் நுண்விரிசல்கள் வழியாகவும் லித்தியம் இழை புகுந்துவிடுகிறது. ஆகவே திரவத்துக்குப் பதில் திட மின்பகுளி உள்ள பேட்டரிகளுக்குச் சூட்டும் ‘சாலிட் ஸ்டேட்’ என்ற பெயரே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. எவ்வளவு வேகத்தில், எத்தனை முறை சார்ஜ் செய்தும் இழை ஊடுருவவில்லை என்று காட்டும் பேட்டரியே நம் நம்பிக்கைக்கு உரியது. விற்க வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இந்தக் கணக்கை நாம் கேட்டு வாங்க வேண்டும்.